எல்லை எங்கே இருக்கிறது? இராணுவப் பாணிப் பயிற்சியும் நம் உடலும்

2021 ஏப்ரல் 10ஆம் திகதி தலைமன்னாரில் கடலில் இறங்கினார் இலங்கை விமானப்படை வீரர் ரொஷான் அபேசுந்தர. தனுஷ்கோடியைத் தொட்டுவிட்டு, மறுநாள் தலைமன்னாருக்கே நீந்தித் திரும்பினார். தூரம் 59.3 கிலோமீற்றர். பிடித்த நேரம் 28 மணி 19 நிமிடம் 43 விநாடி. சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1971இல், இதே பாக்கு நீரிணையைப் போய்வந்து கடந்தவர் வல்வெட்டித்துறையின் ஆழிக்குமரன் ஆனந்தன். அவருக்கு 51 மணித்தியாலம் எடுத்தது.

அபேசுந்தரவின் பின்னால் ஒரு படையின் ஒழுங்கும் வசதியும் நின்றன. ஆனந்தன் சட்டத்தரணி. அவருக்கும் முன்னோடி தொண்டைமானாறு மு. நவரத்தினசாமி, 1954இல் வல்வெட்டித்துறையிலிருந்து கோடிக்கரைக்கு 27 மணித்தியாலத்தில் நீந்தியவர். 1966இல் நீரிணையைக் கடந்த மிஹிர் சென் கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்தவர். அவருக்குத் துணையாக இந்தியக் கடற்படை வந்தது.

இந்த நால்வரையும் அருகருகே நிறுத்திப் பார்த்தால் கேள்வி தானாக எழுகிறது. உடலின் எல்லையைத் தள்ளிப்போட இராணுவப் பயிற்சி வேண்டுமா? வேண்டுமென்றால், அதில் எது பலன் தருகிறது, எது வெறும் தோற்றம்?

கொழும்பில் இந்தக் கேள்விக்கு இப்போது அவசரம் உண்டு. 2018 பெப்ரவரியில் காலிமுகத்திடலில் முதன்முறையாக ‘அயர்ன்மேன் 70.3’ நடந்தது: 1.9 கிலோமீற்றர் நீச்சல், 90 கிலோமீற்றர் சைக்கிள், 21.1 கிலோமீற்றர் ஓட்டம், மூன்றும் ஒரே மூச்சில். கல்கிசைக் கடலில் இரண்டு மைல் நீச்சல் போட்டி நெடுங்காலமாக நடந்து வருகிறது. வெள்ளவத்தை மரைன் டிரைவில் விடியுமுன்னே ஓட வருகிறார்கள். ஜிம்களில் ‘பூட் காம்ப்’ என்ற பெயரில் வகுப்புகள் நடக்கின்றன. அமெரிக்கக் கடற்படைக் கொமாண்டோக்கள் சேற்றிலும் குளிர்நீரிலும் படும் பாட்டைக் கைத்தொலைபேசியில் பார்த்துவிட்டு, மறுநாள் காலையே முதுகில் பாரத்தைக் கட்டிக்கொண்டு கடற்கரை மணலில் இறங்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். அவர்களின் ஆர்வம் நல்லது. அந்த ஆர்வம் எதைப் பின்பற்றுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

படையிலிருந்து ஊருக்கு வந்தவை

இன்று உலகம் முழுதும் பழகும் உடற்பயிற்சிகளில் பல, படைகளுக்குள் பிறந்தவை. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி ஜோர்ஜ் எபேர், 1902இல் மார்ட்டினிக் தீவில் பெலே எரிமலை வெடித்தபோது மீட்புப் பணியில் இருந்தார். ஆபத்து வந்தால் ஓட, ஏற, தாண்ட, நீந்த, ஒருவரைத் தூக்கிச் சுமக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தில் அவர் வகுத்த முறைதான் இன்றைய தடைதாண்டும் பயிற்சிக்கு மூத்த வடிவம். பிறருக்குப் பயன்படுவதற்காக வலிமை பெறு என்பது அவரது கொள்கை.

1950களின் இறுதியில் கனடிய விமானப்படைக்காக பில் ஓர்பன் ஒரு திட்டம் வகுத்தார். ஐந்து பயிற்சிகள், நாளுக்குப் பதினொரு நிமிடம், கருவி எதுவும் வேண்டாம். ஒருவர் எந்தப் படியில் தொடங்கி எந்த வேகத்தில் ஏற வேண்டும் என்று வயதுவாரியாக அட்டவணை போட்டிருந்தார். அவசரப்பட்டுப் படி தாண்டுவதற்கு அதில் இடமில்லை. 1968இல் அமெரிக்க விமானப்படை வைத்தியர் கென்னத் கூப்பர் ‘ஏரோபிக்ஸ்’ நூலை வெளியிட்டார். பன்னிரண்டு நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஓட முடிகிறது என்று பார்க்கும் அவரது சோதனையைப் பாடசாலை மைதானங்களில் இன்றும் காணலாம்.

செக்கோஸ்லோவாக்கிய இராணுவ அதிகாரி எமில் ஸாட்டோபெக் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர், மரதன் மூன்றிலும் தங்கம் வென்றார். இராணுவச் சப்பாத்தோடு ஓடிப் பழகியவர் என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். குறுகிய தூரத்தை வேகமாக ஓடி, மெல்ல ஓடி இளைப்பாறி, மீண்டும் வேகமெடுத்து, அந்த எண்ணிக்கையை ஆண்டுக்கணக்காக ஏற்றிக்கொண்டே போனதுதான் அவரை உருவாக்கியது.

படைகள் உலகுக்குத் தந்த நல்லவற்றில் பொதுவாக இருப்பது அளவு. எங்கே தொடங்குவது, எவ்வளவு கூட்டுவது, எப்போது நிறுத்துவது என்ற கணக்கு.

மனம் முதலில் கைவிடுகிறதா?

‘முடியாது என்று தோன்றும்போது உன் சக்தியில் நாற்பது சதவீதம்தான் செலவாகியிருக்கிறது’ என்ற வாசகம் கொமாண்டோக்களின் பெயரால் உலவுகிறது. ஆய்வகத்தில் அளந்து கண்ட எண் அல்ல இது, ஊக்கமூட்டச் சொல்லப்பட்டது. ஆனாலும் இதன் அடியில் ஒரு மெய் இருக்கிறது.

1920களில் நோபல் பரிசு பெற்ற பிரித்தானிய உடலியலாளர் ஏ.வி. ஹில், உடலின் எல்லையை ஒட்சிசன் கணக்காகப் பார்த்தார். தசைக்குப் போகும் ஒட்சிசன் போதாமல் போகுமிடமே முடிவு. 1990களின் இறுதியில் தென்னாபிரிக்காவின் டிம் நோக்ஸ் இதற்கு மாற்றுக் கருத்து வைத்தார். உடல் உண்மையில் சேதமடைவதற்கு வெகு முன்பே மூளை களைப்பை உண்டாக்கி வேகத்தைக் குறைக்கிறது, அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு என்றார். இந்தக் கருத்தை எல்லோரும் ஏற்கவில்லை, விவாதம் ஓயவுமில்லை. ஆனால் மூளைக்கு இதில் பங்கு உண்டு என்பதற்குச் சான்றுகள் வலுவானவை.

1961இல் இக்காய், ஸ்டைன்ஹவுஸ் என்ற இருவர் ஓர் எளிய சோதனை நடத்தினார்கள். கையால் முழு வலுவுடன் இழுக்கச் சொன்னார்கள். எதிர்பாராமல் ஒரு துப்பாக்கி வெடித்த ஓசைக்குப் பின் இழுவலு சராசரி 7.4 சதவீதம் கூடியது. இழுப்பவர் தாமே கத்திக்கொண்டு இழுத்தபோது 12.2 சதவீதம் கூடியது. பயிற்சித் திடல்களில் எழும் கூச்சலுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2009இல் சாமுவேலே மார்கோராவும் அவருடன் பணியாற்றியவர்களும், ஒன்றரை மணிநேரம் மூளையைக் களைக்க வைக்கும் கணினி வேலையைக் கொடுத்துவிட்டுச் சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். இதயமும் தசைகளும் வழமைபோல இயங்கியும், தாக்குப்பிடித்த நேரம் சுமார் 15 சதவீதம் குறைந்தது.

மார்கோராவின் ஆய்வு வருவதற்கு வெகு முன்பே, மனத்தின் இந்தப் பங்கைத் தன் உடம்பால் காட்டியவர் ஆனந்தன். 1979 மே மாதம் கொழும்பு விஹாரமகாதேவி பூங்காவைச் சுற்றி 187 மணி 28 நிமிடம் நிறுத்தாமல் சைக்கிள் ஓட்டினார். ஏறத்தாழ எட்டு நாள். 1981இல் சென்னை மெரினாவிலுள்ள அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணித்தியாலம் கால் ஊன்றாமல் நீரில் நின்றார். கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த இந்தச் சாதனைகள் தசை வலுவால் மட்டும் ஆகக்கூடியவை அல்ல. தூக்கத்தையும் சலிப்பையும் வெல்லும் மனப்பழக்கம் அவருக்கு வாய்த்திருந்தது.

ஆனால் அவரது முடிவையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1984 ஓகஸ்ட் 6ஆம் திகதி ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் அவர் உயிரிழந்தார். பாக்கு நீரிணையின் நீர் 28 பாகை செல்சியஸை ஒட்டி வெதுவெதுப்பாக இருக்கும். ஆங்கிலக் கால்வாய் நடுக்கோடையிலும் 15 முதல் 18 பாகைதான். மனவுறுதியில் ஆனந்தனுக்கு ஈடு சொல்ல ஆள் குறைவு. கடலின் குளிர் மனவுறுதியைக் கேட்பதில்லை.

தெரிவு வேறு, பயிற்சி வேறு

திரையில் நாம் பார்த்து வியக்கும் கடுமை பெரும்பாலும் பயிற்சி அல்ல, தெரிவு. அமெரிக்கக் கடற்படை ‘சீல்’ பிரிவின் ‘நரக வாரம்’ ஐந்தரை நாள் நீளும். அத்தனை நாளுக்கும் சேர்த்து நான்கு மணிநேரம்கூட முழுமையாகத் தூங்க முடியாது. அந்தப் பாடநெறியில் சேர்பவர்களில் பத்துக்கு ஏழு பேரளவில் இடையில் விலகிவிடுகிறார்கள். படைக்கு அது நட்டமில்லை. விலகுபவர்களை விலக்குவதற்காகவே அந்த வாரம் வைக்கப்பட்டிருக்கிறது. சல்லடை அரிசியைப் பிரிக்கும், விளைவிக்காது.

இதை அமெரிக்க இராணுவமே அளந்து பார்த்திருக்கிறது. எட்டு வாரம் அரைவயிற்று உணவோடும் அரைத் தூக்கத்தோடும் நடக்கும் ‘ரேஞ்சர்’ பாடநெறியை 1990களில் ஆராய்ந்தபோது, பங்கேற்றவர்களின் சராசரி எடையிழப்பு 15 சதவீதத்தைத் தாண்டியது. தசையைக் கட்டும் டெஸ்டோஸ்டிரோன் ஹோர்மோன் அதலபாதாளத்துக்கு இறங்கியிருந்தது. வலுவும் குறைந்திருந்தது. உலகின் மிகக் கடினமான பாடநெறிகளில் ஒன்றை முடித்து வெளியே வந்த இளைஞன், உள்ளே போனபோது இருந்ததைவிடப் பலவீனமானவன். இழந்ததை மீட்க அவனுக்குப் பல வாரம் தேவைப்பட்டது.

மாதக்கணக்காக ஓடி, நீந்தி, சாப்பிட்டு, தூங்கி உடலைக் கட்டிய பிறகே அவன் அந்தத் தெரிவுக்குப் போகிறான். அந்த மாதங்களைப் படம் பிடித்தால் யாரும் பார்க்கமாட்டார்கள். அதனால் ஊருக்கு வந்து சேர்வது கடைசி வாரத்தின் காட்சிகள் மட்டுமே. எட்டு மணிநேரம் கதிரையில் அமர்ந்து வேலை செய்யும் கொழும்புக்காரர், அந்தக் கடைசி வாரத்தைத் தன் முதல் வாரமாக்கிக் கொள்கிறார்.

வளைந்து கொடுக்காத எல்லைகள்

சில எல்லைகள் மனத்தால் நகராதவை. அவற்றைக் கண்டுபிடித்தவர்களும் பெரும்பாலும் இராணுவ வைத்தியர்களே. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் படைவீரர்கள்.

நெடுநடைக்குப் பின் வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை 1855இல் பிரஷ்ய இராணுவ வைத்தியர் பிரைத்ஹௌப்ட் பதிவு செய்தார். எக்ஸ்-கதிர் வந்த பிறகு, அது பாத எலும்பில் விழும் நுண்ணிய முறிவு எனத் தெரிந்தது. தசை சில வாரத்தில் பழகிக்கொள்ளும். எலும்பு மாதக்கணக்கில்தான் பழகும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் சில வாரங்களிலேயே இந்த முறிவு அதிகம் வருவதற்கு இந்த இடைவெளி ஒரு காரணம். ஆண்களைவிடப் பெண்களை இது கூடுதலாகத் தாக்குகிறது. பழகாத உடல் எல்லை மீறி உழைக்கும்போது தசைநார்கள் சிதைந்து, அவற்றிலுள்ள புரதம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். தண்ணீரும் அளவு மீறினால் ஆபத்துதான். 2002 பொஸ்டன் மரதன் ஓடியவர்களில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதத்தினரிடம் சோடியம் இயல்பைவிடத் தாழ்ந்திருந்தது. ஓடும்போது அளவுக்கு மீறிக் குடித்தது முக்கிய காரணம்.

எல்லாவற்றிலும் பெரியது வெப்பம். கொழும்பில் வாழ்பவர்கள் இதை மற்றவற்றைவிடக் கவனமாகப் படிக்க வேண்டும்.

1950களில் அமெரிக்க மரைன் படையின் பாரிஸ் தீவு முகாமில் பயிற்சி பெறுபவர்கள் வெப்பத்தால் தொடர்ந்து சரிந்து விழுந்தார்கள். யாக்லூ, மினார்ட் என்ற இருவர் 1957இல் அதற்கு ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். நனைத்த துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் பத்தில் ஏழு பங்கு, வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்தின் வெப்பத்தில் இரண்டு பங்கு, நிழலில் காற்றின் வெப்பத்தில் ஒரு பங்கு. மூன்றையும் கூட்டினால் உடல் உணரும் சுமை தெரியும். ஈரப்பதத்துக்கு இத்தனை எடை கொடுப்பதற்குக் காரணம் உண்டு. உடலைக் குளிர்விப்பது வியர்வை அல்ல, வியர்வை ஆவியாவது. காற்றே ஈரமாக இருந்தால் வியர்வை வழிந்து ஓடுமே தவிர ஆவியாகாது.

கொழும்பின் ஏப்ரல் நண்பகலுக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காற்று 32 பாகை, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் நனைத்த வெப்பமானி ஏறத்தாழ 27 பாகை காட்டும். வெயிலில் கறுப்புக் கோளம் 45 பாகைக்குச் சூடேறுவதாக வைத்தால் மொத்தம் 31 பாகையைத் தாண்டும். அமெரிக்கப் படைகள் அந்த அளவில் சிவப்புக் கொடி ஏற்றி, பன்னிரண்டு வாரத்துக்குக் குறைவாகப் பயின்றவர்களுக்குக் கடும் பயிற்சியை நிறுத்திவிடும். 32.2 பாகையில் கறுப்புக் கொடி. அப்போது எல்லோருக்கும் கடும் பயிற்சி நிற்கும். அந்தப் படையின் கூச்சலைப் பின்பற்றும் வகுப்புகள் அதன் கொடிகளையும் பின்பற்ற வேண்டும்.

படைகளே இதை மறந்த நாட்களும் உண்டு. 2013 ஜூலையில் வேல்ஸ் நாட்டின் பிரெக்கன் மலைகளில், பிரித்தானிய விசேட படையின் தொண்டர் பிரிவுக்கான தெரிவு நடை நடந்தது. சுமையோடு பதினாறு மைல். வெயிலில் மூன்று வீரர்கள் இறந்தார்கள். வெப்பத்தால் தளர்ந்த வேறு இருவர் முன்னதாகவே விலக்கப்பட்டிருந்தார்கள். அப்போதே நடையை நிறுத்தியிருக்க வேண்டும் என்பது மரண விசாரணையில் வெளிவந்தது. 2022 பெப்ரவரியில் ‘நரக வாரத்தை’ வெற்றியாக முடித்த ஓர் இளைஞர் சில மணிநேரத்தில் நிமோனியாவால் இறந்தார். அதன்பின் வந்த கடற்படை விசாரணை, வைத்தியக் கண்காணிப்பிலிருந்த ஓட்டைகளைப் பட்டியலிட்டது.

2024 ஓகஸ்டில் இந்தியாவின் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் காவலர் வேலைக்கு ஆளெடுத்தபோது ஆண்கள் 10 கிலோமீற்றரை ஒரு மணிநேரத்தில் ஓட வேண்டியிருந்தது. பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்தார்கள். தேர்வை இடைநிறுத்திய முதல்வர் ஹேமந்த் சோரன், காலை ஒன்பது மணிக்கு மேல் ஓட்டம் கூடாது என்று அறிவித்தார். அரச வேலைக்காக ஓடியவர்கள் அவர்கள். நடுவில் நிறுத்துவது குடும்பத்தின் சோற்றை விடுவதற்குச் சமம் என்ற நிலையில் உடலின் எச்சரிக்கையை யார் கேட்பார்கள்?

இத்தகைய சாவுகளில் பெரும்பாலானவற்றைத் தடுக்கலாம் என்பதற்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் ஃபால்மத் ஓட்டப்போட்டியில் பதினெட்டு ஆண்டுகளில் 274 பேருக்கு உழைப்பால் வரும் வெப்பத் தாக்கு ஏற்பட்டது. ஒருவரும் இறக்கவில்லை. முடிவுக் கோட்டருகே பனிக்கட்டி நீர்த் தொட்டி வைத்து, விழுந்தவரை உடனே அதில் இறக்கினார்கள். முதலில் குளிர்விப்பது, பிறகு வைத்தியசாலைக்கு ஏற்றுவது என்பதே அங்கு விதி.

நம் நாட்டின் நினைவு

இலங்கைத் தமிழ் வாசகருக்கு இராணுவப் பயிற்சி என்றதும் முதலில் வருவது ஆரோக்கியம் பற்றிய எண்ணம் அல்ல. மூன்று தசாப்தப் போரில் பயிற்சி முகாம் என்பது பல வீடுகளில் பிள்ளை திரும்பி வராத இடமாக இருந்தது. விரும்பிப் போனவர்களும் உண்டு, கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. வயது போதாதவர்களும் அவர்களுள் இருந்தார்கள். போர் முடிந்து இரண்டு ஆண்டில், 2011 மே மாதம், பல்கலைக்கழகம் புக இருந்த மாணவர்களுக்கு இராணுவ முகாம்களில் மூன்று வாரத் தலைமைத்துவப் பயிற்சியை அரசு தொடங்கியது. அதை நிறுத்தக் கோரி உயர் நீதிமன்றம் வரை வழக்குப் போனது. பயிற்சிக் காலத்தில் ரந்தம்பே முகாமில் ஒரு மாணவி உயிரிழந்தார்.

பயிற்சியின் பலன், பயிலுபவருக்கு நிறுத்தும் உரிமை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. பாக்கு நீரிணையில் ஆனந்தனுக்கும் அபேசுந்தரவுக்கும் பக்கத்தில் படகு வந்தது. கையை உயர்த்தினால் ஏற்றிக்கொள்வார்கள். அந்தப் படகு இருந்ததால்தான் அவர்களால் அத்தனை தூரம் போக முடிந்தது. கட்டாயத்தின் பேரில் ஓடுபவருக்கும், ‘கைவிடுபவன் கோழை’ என்று கத்தும் வகுப்பில் நிற்பவருக்கும் அப்படி ஒரு படகு இல்லை.

கொழும்புக்கு ஏற்ற வழி

முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி 2023இல், 72 வயதில், பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் இரண்டு தங்கம் வென்றார். சிறைச்சாலைத் திணைக்களத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். அந்த வயதில் அப்படி ஓடும் உடல் ஒரு நரக வாரத்தில் கிடைப்பதல்ல. ஆண்டுகள் நீண்ட பழக்கத்தில் கிடைப்பது.

கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் அந்தப் பழக்கத்துக்கு இடமும் மரபும் ஏற்கெனவே இருக்கின்றன. வெள்ளவத்தைக் கரையின் கின்ரொஸ் நீச்சல், உயிர்காப்புக் கழகம் பல தலைமுறைகளாகக் கடலில் நீந்தவும், மூழ்குபவரைக் காக்கவும் கற்பித்து வருகிறது. எபேர் நினைத்த பயிற்சி இதுதான். டிசெம்பரிலிருந்து ஏப்ரல் வரை மேற்குக் கரைக் கடல் அடங்கியிருக்கும். மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்ததும் அதே கடல் அனுபவசாலியையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு மைல் நீந்த விரும்புபவர் குளத்தில் தூரம் சேர்த்து, அடங்கிய காலத்தில் துணையோடு கடலுக்குப் பழகி, பிறகே போட்டிக்குப் பெயர் கொடுப்பது நல்லது. குளிரூட்டிய அறையில் வேலை செய்பவர் வெளியே ஓடத் தொடங்கினால், உடல் வெப்பத்துக்குப் பழக பத்து முதல் பதினான்கு நாள் வேண்டும். அதுவரை தூரமும் வேகமும் அரைவாசியாக இருக்கட்டும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்த வாரத்தில் ஓட வேண்டாம். நாற்பதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் இளவயது இதயச் சாவு நிகழ்ந்தவர்களும் முதலில் வைத்தியரைப் பார்க்க வேண்டும்.

பயிற்சி நடத்துபவர்களுக்கும் போட்டி அமைப்பவர்களுக்கும் கடமைகள் உண்டு. ஈரவெப்பம் அளக்கும் கருவியும், அது எந்த அளவைத் தொட்டால் நிகழ்ச்சி நிற்கும் என்று முன்கூட்டியே எழுதி ஒட்டிய விதியும் வேண்டும். விழுந்தவரின் உடல் வெப்பத்தைச் சரியாக அளக்கத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும். ஒரு பெரிய தொட்டியும், மீன் கடைகளுக்கு வரும் ஐஸில் சில கட்டிகளும் முடிவுக் கோட்டருகே தயாராக இருக்க வேண்டும். கடலில் நீந்துபவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ற உயிர்காப்பாளர்களும் படகுகளும் வேண்டும். இவற்றில் எதுவும் கொழும்பில் கிடைக்காத பொருள் இல்லை; செலவும் பெரிதில்லை. அடுத்த மரதனுக்கோ கடல் நீச்சலுக்கோ கட்டணம் கட்டுமுன், இவை இருக்கின்றனவா என்று ஒவ்வொருவரும் அமைப்பாளரிடம் கேட்டுப் பதில் வாங்க வேண்டும்.